சூட்டுக்கோலும் வெட்டுப்பலகையும்

மரத்தில் சுட்டு வரையப் பழகுகிறவர் முதலில் எடுக்கும் பொருள் பெரும்பாலும் சமையலறை வெட்டுப்பலகைதான். வீட்டுப் பெயர், கல்யாணத் தேதி, பாட்டி கைப்பட எழுதிய ரசக் குறிப்பு என்று எதையாவது சுட்டுப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பயிற்சிக்கு இது தகுமா, செய்து முடித்த பொருளாக இது தேறுமா என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டாக வேண்டும். விடைகள் ஒத்துப்போவதில்லை.

பயிற்சி என்ற அளவில் இதன் தகுதி உயர்ந்தது. பரப்பு தட்டை, செலவு குறைவு. அதைவிட, பிழைக்கு இங்கே ஒளிவிடம் இல்லை. பென்சில் கோட்டை அழிக்கலாம், சுட்ட கோட்டைச் சுரண்டத்தான் முடியும். சூட்டுக்கோல் தயங்கிய இடத்தில் கரும்பொட்டு விழும், விரைந்த இடத்தில் கோடு வெளிறும். கோட்டின் நிறம் கோலின் சூட்டைப் போலவே கையின் வேகத்தையும் பொறுத்தது என்பதை இவ்வளவு சீக்கிரம் புரியவைக்கும் பொருள் வேறில்லை.

ஆனால் மரம் இந்தப் பாடத்தைக் கெடுக்கவும் செய்யும். பைன் மலிவு. அதன் ரேகையில் மென்மையும் வன்மையும் மாறி மாறி வருவதால் ஒரே அழுத்தத்தில் இழுத்த கோடு ஓரிடத்தில் ஆழ்ந்து, அடுத்த இடத்தில் துள்ளும். பழகுபவர் தன் கையை நொந்துகொள்வார். குறையோ மரத்தில். சுடுவதற்கு இணக்கமான பாஸ்வுட் கத்திக்குத் தாங்காது. ஜாங்கா கடினத்தன்மை அளவில் அது 410, வெட்டுப்பலகைக்குப் பேர்போன வன்மேப்பிள் 1450. தேக்கின் நிறத்தில் மெல்லிய கோடுகள் மங்கிவிடும். வெளிறிய, ஓரளவு சீரான ரப்பர் மரம் நியாயமான நடுவழி. கோலுக்கு உகந்த மரமும் கத்திக்கு உகந்த மரமும் வேறு வேறு என்ற முரண் இந்த வடிவத்தின் அடியிலேயே இருக்கிறது.

தமிழ் எழுத்து சோதனையைக் கூட்டுகிறது. ரோமன் பேரெழுத்துகள் பலவும் நேர்கோடுகளிலேயே முடிந்துவிடும். ஞ, ண, ழ ஆகியவற்றின் சுழிகளோ ரேகையைத் திரும்பத் திரும்பக் குறுக்கிடுகின்றன. சுழியின் உள்வெளி சிறுத்தால் கரி அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் பொல்லாதது. கோலை ஒரே இடத்தில் ஊன்றியாக வேண்டும், ஊன்றினால் சுற்றிலும் பழுப்பு படரும். எழுத்தைப் பெரிதாக்கிச் சொல்லைச் சுருக்குவதே வழி.

பாட்டியின் கையெழுத்தைச் சுடுவதில் என் ஆட்சேபம் கடுமையானது. கையெழுத்தின் உயிர் அதன் ஓட்டத்தில் இருக்கிறது. கார்பன் தாளில் படியெடுத்து அங்குலம் அங்குலமாகச் சுடும்போது வடிவம் வரும், ஓட்டம் வராது. கிடைப்பது பாட்டி எழுதாத நடுக்கம். பரிசு பெறுபவர் நெகிழலாம். அது பாட்டியின் வெற்றி, பலகையின் வெற்றி அல்ல.

பொருளாக எடைபோடும்போது அளவுகோல் இந்தக் கலையின் முன்னோரிடமே இருக்கிறது. ராபர்ட் பால் ஹியூஸ் காய்ச்சிய இரும்பால் மரத்தில் வரைந்தவையும், ஜே. வில்லியம் ஃபாஸ்டிக் 1896இல் செய்த ஜோன் ஆஃப் ஆர்க் படைப்பும் பார்ப்பதற்கு மட்டுமே ஆனவை. பயன்பாட்டுப் பொருளுக்கு மேலான சான்று பஸ்தரின் சுரைக்குடுக்கைகள். அங்கே காய்ச்சிய இரும்பின் கோலம் வெளிப்புறத்தில், தண்ணீர் உட்புறத்தில். அலங்காரமும் பயனும் ஒரே பரப்புக்குப் போட்டியிடுவதில்லை. நடுப்பரப்பில் சுட்ட வெட்டுப்பலகை இந்த நிதானத்தை இழக்கிறது. கத்தி கோட்டைத் துண்டாக்கும், கோட்டின் பள்ளத்தில் வெங்காயச் சாறு தங்கும். மரப்பலகை பிளாஸ்டிக்கைவிடச் சுகாதாரத்தில் தாழ்ந்ததல்ல என்று காட்டிய டீன் கிளைவரின் ஆய்வுகளை இங்கே துணைக்கு அழைக்க முடியாது. அவை சுட்ட பள்ளங்களைப் பற்றியவை அல்ல.

ஆகவே தீர்ப்பு இது: பயிற்சியாகத் தாராளமாகத் தேறுகிறது, பொருளாக நிபந்தனையோடு மட்டுமே. கைப்பிடியிலோ ஓரத்திலோ ஒரு சொல், அதுவும் ஒரே பக்கத்தில். மறுபக்கம் கத்திக்கு. மினரல் ஆயில் பூச்சு, சுட்டு முடித்த பிறகுதான்; முன்னால் பூசினால் புகையும். பெயர் பிசிறில்லாமல் இருந்தால் போதும் என்பவருக்கு லேசர் கடை இருக்கிறது, அங்கே போவதில் குறைவொன்றும் இல்லை. மணமக்கள் முகத்தை நடுவில் சுட்ட பலகைகளை யாரும் வெட்டப் பயன்படுத்துவதில்லை, சுவரில்தான் மாட்டுகிறார்கள். மாட்டிவிட்டால் அதை ஓவியமாகத்தான் எடைபோட வேண்டும். அந்த எடையில் தேறிய தொடக்கநிலைப் பலகை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.