மகாராஜா: அடக்கிய உடம்பின் நடிப்பு

2024 ஜூன் 14 அன்று வெளியான ‘மகாராஜா’ விஜய் சேதுபதியின் 50ஆவது படம். ‘குரங்கு பொம்மை’க்குப் பிறகு நித்திலன் சாமிநாதன் இயக்கிய இரண்டாவது படமும் இதுவே. சலூன் கடை நடத்தும் மகாராஜா, வீட்டிலிருந்த லட்சுமியைத் திருடிவிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் புகார் சொல்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. லாரி மோதி வீடு இடிந்தபோது குழந்தை ஜோதியின் மேல் கவிழ்ந்து அவளைக் காத்தது அது.

படத்தின் உயிர் இந்தக் காவல் நிலையக் காட்சிகளில் இருக்கிறது. கேட்பவர் மாறினாலும் மகாராஜா சொல்லும் கதை மாறுவதில்லை. அதே சொற்கள், ஏற்ற இறக்கமில்லாத அதே குரல். காதில் கட்டு, தொங்கிய தோள், எங்கும் நிலைக்காத பார்வை. அறை விழுந்தாலும் நகர மறுக்கிறார். முதன்முறை பார்ப்பவருக்கு இது வெகுளியின் பிடிவாதமாகத் தெரிந்து சிரிப்பு வரும். அவர் தேடுவது தொட்டியை அல்ல, மகளைச் சிதைத்தவர்களை என்று தெரிந்தபின் அதே காட்சிகளைப் பார்க்கவே முடியாது. ஒரே அசைவு இரண்டு முறையும் உண்மையாக இருக்க வேண்டும். விஜய் சேதுபதி அதைச் சாதித்திருக்கிறார். சண்டைக் காட்சிகளிலும் அவர் வீரனாக நிமிர்வதில்லை. வேலையை முடிக்க வந்த உழைப்பாளியின் கனம்தான் அந்த உடம்பில்.

எதிரில் அனுராக் காஷ்யப்பின் செல்வம். வீடு புகுந்து கொள்ளையடிக்கும் இவனும் மகள் மேல் உயிரையே வைத்திருப்பவன். இரு தகப்பன்களின் கதையும் ஒரே காலத்தில் நடப்பது போல பிலோமின் ராஜின் படத்தொகுப்பு நம்பவைக்கிறது. நடுவே பல ஆண்டுகள் ஓடியிருப்பது வெளிப்படும்போதுதான் ஜோதி யார் பெற்ற பிள்ளை என்பதும் புரிகிறது. தான் பழிவாங்கியது யாரை என்று செல்வம் உணரும் இடத்தில் காஷ்யப்பின் முகம் நொறுங்குகிறது. தமிழ் வசனத்தில் அவருக்கிருக்கும் தடுமாற்றம் அங்கே உறுத்துவதில்லை.

சட்டத்தைக் கையில் எடுக்கும் கதைகளில் காவல்துறை பொதுவாகத் துரத்தும் தரப்பு. இங்கே, லஞ்சம் பேசிய ஆய்வாளரே (நட்டி) குற்றவாளியை அந்தத் தகப்பனின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார். அந்தக் குற்றவாளியாக வரும் சிங்கம்புலியை அதுவரை நகைச்சுவை வேடங்களில் பார்த்துப் பழகியதால் அந்தக் காட்சி இன்னும் குரூரமாகிறது. நீதிமன்றம் என்ற ஒன்று இந்தக் கதையில் யார் நினைவுக்கும் வரவில்லை. அதை இயக்குநர் கேள்வியாக்கியிருக்க வேண்டும், ஆக்கவில்லை.

பெரிய குறை வேறு. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை இடைவேளைக்குப் பிறகு அவிழும் முடிச்சாகப் படம் பயன்படுத்துகிறது. அபிராமி, மம்தா மோகன்தாஸ் இருவருக்கும் கதையில் இடம் குறைவு. ஜோதியாக வரும் சாச்சனாவுக்கும் காட்சிகள் சொற்பம்தான். ஆனாலும் தன்னைச் சிதைக்கக் காரணமானவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் இடத்தில், அதுவரை தகப்பன்களின் கணக்காக இருந்த கதையை அவர் தன்னுடையதாக்கிக்கொள்கிறார்.