தோலை மட்டும் பார்க்கும் கேமரா: விருதுப் படங்களில் தொழுநோய்

சினிமாவில் ஒருவருக்குத் தொழுநோய் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? முகத்தில் திட்டுத்திட்டாகப் புண், மடங்கிய விரல்கள், உடம்பைச் சுற்றி ஒரு கந்தல் துணி. மேக்கப்காரர் வேலையை முடித்துவிட்டால் வசனமே தேவையில்லை. சரி, நோய் குணமாகிவிட்டது என்று எப்படிக் காட்டுவார்கள்? புண்ணெல்லாம் மறைந்து முகம் பளிச்சென்று ஆகிவிடும். ஆக, நோய் வந்ததற்கும் தோல்தான் சாட்சி, போனதற்கும் தோல்தான் சாட்சி.

மருத்துவத்தில் இது ரெண்டுமே சரியில்லை. தொழுநோய்க் கிருமி தோலோடு சேர்த்து நரம்பையும் தாக்குகிறது. ஆரம்பத்தில் தெரிவது பெரும்பாலும் வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல், அவ்வளவுதான். அரிக்காது, வலிக்காது. அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இருக்காது. யார் கவலைப்படுவார்கள்? இன்னொரு பக்கம், மருந்து கிருமியைக் கொன்றுவிட்டாலும் ஏற்கெனவே பாழான நரம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முழுக்கக் குணமானவருக்கும் விரல் மடங்கியே இருக்கலாம்.

மென்பொருள் சோதனையில் இப்படி ஒரு டெஸ்ட் எழுதினால் டீம் லீடு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். நோய் உள்ளவரை ‘இல்லை’ என்று விட்டுவிடுகிறது, குணமானவரை ‘நோயாளி’ என்று பிடிக்கிறது. இரண்டு பக்கமும் தப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு, வெவ்வேறு காலத்தில் விருது வாங்கிய மூன்று படங்களைப் பார்ப்போம்.

முதலாவது ‘பென்-ஹர்’. 1959-இல் வில்லியம் வைலர் இயக்கியது, 11 ஆஸ்கர் வாங்கியது. நாயகனின் தாயும் தங்கையும் ரோமானியச் சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, நோயாளிகளின் பள்ளத்தாக்குக்குத் துரத்தப்படுகிறார்கள். இயேசு சிலுவையில் உயிர்விடும் வேளையில் இடியும் மின்னலும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இருவருடைய முகமும் சுத்தமாக இருக்கிறது. விவிலியக் காலத்துக் கதையில் அற்புதம் நடப்பதை நான் குறை சொல்லவில்லை. என் பிரச்சினை அதற்கு முந்தைய காட்சிகள். அந்த இரண்டு பெண்களுக்கும் படத்தில் ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு வேலையே கிடையாது. நம் கண்ணிலிருந்து மறைவதும், கடைசியில் சுத்தமாகி வருவதும்தான் அவர்களுடைய மொத்தப் பங்கு.

காலவரிசையையும் கவனியுங்கள். நார்வே மருத்துவர் ஹான்சன் கிருமியைக் கண்டறிந்தது 1873. லூ வாலஸ் ‘பென்-ஹர்’ நாவலை வெளியிட்டது 1880. வேலை செய்யும் மருந்துகள் 1940-களிலேயே வந்துவிட்டன. 1959-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர் காலத்தில் இது மருந்து உள்ள நோய். அவர் மனதில் பதிந்ததோ மின்னல்.

இரண்டாவது, ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் இயக்கிய ‘வீடு கறுப்பு’. இருபது நிமிடச் சொச்சம்தான். 1962-இல் தப்ரீஸ் அருகே பாபாபாகி தொழுநோயாளர் குடியிருப்பில் எடுத்தது. 1963-இல் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் பரிசு பெற்றது. சிதைந்த முகங்களை ‘பென்-ஹர்’ காட்டியதைவிட இது மிக நெருக்கத்தில் காட்டுகிறது. ஆனால் இந்த முகங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு பெண் கண்ணாடி பார்க்கிறார், பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஒரு கல்யாணம் நடக்கிறது. நடுவில் ஓர் ஆண் குரல், இது தீராத நோய் இல்லை என்று அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்கிறது. சிகிச்சை அறையும் காட்டப்படுகிறது. தோலைக் காட்டியும் தோலைத் தாண்டிப் போக முடியும் என்பதற்கு இந்தப் படம் போதும்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. படத்தில் யாரும் தன் கதையைச் சொல்வதில்லை. கவிஞரின் குரல் அவர்கள் எல்லோரையும் சேர்த்து மானுடத் துயரத்தின் அடையாளமாக ஆக்கிவிடுகிறது. அழகான குரல்தான், ஆனாலும் அவர்களுடைய குரல் இல்லையே.

மூன்றாவது படம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. எகிப்தின் ‘யோமெத்தீன்’, இயக்குநர் ஷவ்கி. 2018 கான் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்தது, அங்கே ஃபிரான்சுவா ஷாலே விருதும் பெற்றது. நாயகன் பெஷாய் குப்பை பொறுக்கி வாழ்பவர். மனைவி இறந்தபின் கழுதை வண்டியில், ஓர் அனாதைச் சிறுவனோடு, தன்னைக் கைவிட்ட குடும்பத்தைத் தேடிப் போகிறார். நடித்தவர் ராடி கமால், தொழுநோயிலிருந்து மீண்டவர். மேக்கப் கிடையாது. மிக முக்கியமான விஷயம், படம் தொடங்கும்போதே பெஷாய்க்கு நோய் குணமாகியிருக்கிறது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கைதான் நோய். படம் சில இடங்களில் கண்ணீருக்காகக் கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘குணமாதல்’ எப்படி இருக்கும் என்பதை மூன்றில் சரியாகச் சொன்னது இதுதான்.

இதெல்லாம் வெறும் சினிமா விவகாரம் இல்லை. வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940-களின் இறுதியிலேயே தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய கைகளை மறுபடி வேலை செய்ய வைத்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப்பட்டுத்தான் அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். அதே வட்டாரத்தில், 1954-இல், நாம் எல்லோரும் பார்த்தது ‘ரத்தக்கண்ணீர்’. எம்.ஆர். ராதாவின் நடிப்புக்கு இன்றும் கைதட்டலாம். ஆனால் அதில் தொழுநோய் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனை. அடுத்த ஆண்டு வந்த இந்து திருமணச் சட்டத்தில் தீராத தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. அதை நீக்கியது 2019-இல். படத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே நம்பிக்கையில் நின்றன என்கிறேன்.

2022-இல்கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. கூட்டு மருந்து சிகிச்சை இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். நரம்பு கெடுவதற்குமுன் வந்துவிட்டால் கை மடங்கவே வேண்டியதில்லை. ஆனால் சினிமா பழக்கிய கண்ணோடு கண்ணாடியில் பார்ப்பவருக்கு, தோளில் இருக்கும் அந்தத் தேமல் தொழுநோயாகத் தெரியவே தெரியாது.

நான் பார்க்க விரும்பும் காட்சி ரொம்பச் சின்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் பஞ்சு நுனியால் அவர் கையில் அங்கங்கே தொடுகிறார். தொடும்போதெல்லாம் அவர் விரல் வைத்துக் காட்டுகிறார். ஓரிடத்தில் மட்டும் காட்டவில்லை. மேக்கப் செலவு ஒரு பைசா ஆகாது. யாராவது எடுங்களேன்.