கல்வியும் செருக்கும்: ஒரு பழைய வீடியோ விளையாட்டின் மெய்ப்பாடு

வீடியோ விளையாட்டினை இலக்கியத் திறனாய்வின் அளவுகோலால் அளத்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். பெருமிதத்தையும் வெகுளியையும் நெஞ்சில் முறைப்படத் தோற்றுவிக்கும் ஆக்கம் எதுவும் மெய்ப்பாட்டு ஆராய்ச்சிக்கு உரியதே என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக, ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2' என்னும் விளையாட்டினை ஈண்டு ஆராய்வாம். இது 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்னும் பெயருடன் மேலைநாடுகளை 1993-இலேயே அடைந்தது.

1985-இல் தோன்றிய முதல் விளையாட்டு, ஆடுவோர்க்கு ஆசானாக நின்றது. காளானைப் பெற்றால் உடல் பெருகும். மறைவிடத்துக் குழாயுட் புகுந்தால் முன்னுள்ள உலகங்களுக்குத் தாவலாம். இவற்றைக் கற்றுத் தேர்ந்தவனையே இரண்டாம் விளையாட்டு எதிர்நோக்கி நிற்கின்றது. தொடக்கக் கட்டத்திலேயே நச்சுக்காளான் வருகின்றது; பழக்கத்தாற் பாய்ந்து பற்றுவோன் ஊறுறுகின்றான். மூன்றாம் உலகிற் குறுக்குவழி கண்டு மகிழ்ந்து புகுவோன் முதல் உலகிற்கே மீள்கின்றான். இவ்விடங்களிற் கல்லாதவனுக்கு ஏமாற்றம் சிறிது, கற்றவனுக்கே பெரிது.

பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களுள் கல்வியை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். வெகுளிக்கு அவர் கூறும் நான்கும் பிறரால் நேரும் ஊறுகளே. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நச்சுக்காளான் நிறத்தால் வேறுபட்டது, உற்றுநோக்குவார் அறியலாம். ஆதலின், அங்கு வீழ்வோன் பிறரைச் சினத்தற்கு இடமில்லை. அவன் செருக்கே அவனை வீழ்த்தியது. மீண்டும் ஆடத் தூண்டுவதும் இவ்வுணர்வே. ஆயின், பள்ளத்தைத் தாண்டுங்கால் தலையில் மோதி வீழ்த்தும் கட்புலனாகாக் கட்டிகள் அத்தகையன அல்ல. அவற்றை முன்னறிதற்குக் குறிப்பு யாதும் இல்லை. அவ்விடத்து எழும் வெகுளி நேரியதே. அதனை ஆக்கியோர் குறையெனவே கொள்ளல் வேண்டும்.

இத்தகைய கடுமை காசு ஈட்டற்பொருட்டு அமைந்தது என்பர் சிலர். காசிட்டு ஆடும் பொது எந்திரங்களுக்கு அக்கூற்றுப் பொருந்தலாம். இவ்விளையாட்டோ வீட்டுக் கருவியில் வட்டினை இட்டு ஆடுதற்கு உரியது. எத்துணை முறை தோற்பினும் மேலும் காசு வேண்டுவதில்லை. எனவே, இதன் கடுமைக்குரிய காரணத்தை ஆக்கத்தின் நோக்கத்திலேயே காணல் வேண்டும்.

கடுமை வேறு, வஞ்சனை வேறு. குறிப்புத் தந்து வீழ்த்துவது முன்னது. தாராது வீழ்த்துவது பின்னது. இரண்டும் விரவியமையின் இதனைக் குறையற்ற ஆக்கம் எனல் இயலாது. எனினும், கற்றவன் செருக்கினை அவனுக்கே புலப்படுத்திய திறத்தால், இது திறனாய்வார் புறக்கணிக்கத் தக்கதன்று.