ஒரு சிசி டீசல்: மூன்றாவது பிஸ்டன் பேசியது

சிலிண்டரின் மேல்வாயைக் கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டு, எண்ணெய் தொட்ட பிஸ்டனைக் கீழிருந்து மெல்லத் தள்ள வேண்டும். புகைத் துளையைத் தாண்டியதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று எதிர்த்து நிற்கும். கையை விட்டால் பிஸ்டன் ஸ்பிரிங் போலத் திரும்பிக் குதிக்க வேண்டும். நான் கடைந்தவற்றில் மூன்றாவது பிஸ்டன்தான் அப்படிக் குதித்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த இன்ஜின் ஓடும் என்று.

கோவையில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பழைய சின்ன லேத்து ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று, மைக்ரோமீட்டர், டயல் கேஜ். மில்லிங் மெஷின் கிடையாது. இவற்றை வைத்து நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். துளை 10 மி.மீ., ஓட்டம் 12.7 மி.மீ., கொள்ளளவு ஒரு சிசிக்கு மயிரிழை குறைவு. கிராங்க்கேஸை அலுமினியக் கட்டியிலிருந்தே குடைந்தேன். சிலிண்டர் எஃகு, பிஸ்டன் வார்ப்பிரும்பு. ரிங் கிடையாது. கார்பரேட்டர் ஊசி, தையல் ஊசியைப் பற்றவைத்துச் செய்தது.

இதை டீசல் என்று சொல்லலாமா? ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, கடைசியில்தான் எரிபொருளை உள்ளே செலுத்தினார்கள். இங்கே காற்றும் எரிபொருளும் கார்பரேட்டரிலேயே கலந்து, சேர்ந்தே அழுத்தப்படுகின்றன. ஆனால் ஸ்பார்க் பிளக் இல்லை, பேட்டரி இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. அந்த உரிமையில் உலகெங்கும் மாடல் விமானக்காரர்கள் இதை டீசல் என்றே அழைக்கிறார்கள்.

நிஜமான இன்ஜெக்‌ஷன் பம்போடு கட்டலாமே என்று முதலில் எனக்கும் ஆசை இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டதும் ஆசை அடங்கியது. ஒரு சிசி காற்றின் எடை சுமார் 1.2 மில்லிகிராம். அதற்கு ஒரு வெடிப்புக்குத் தேவைப்படும் டீசல் ஏறத்தாழ 0.07 கன மில்லிமீட்டர். மருந்து டிராப்பரில் விழும் ஒரே சொட்டை எழுநூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! 2 மி.மீ. பிளஞ்சர் இந்த அளவைத் தள்ள 0.02 மி.மீ. நகர்ந்தால் போதும். பம்பில் ஏற்படும் கசிவே அதைவிட அதிகமாக இருக்கும். அப்படியும் கட்டி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். முதல் இன்ஜினாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அழுத்தத்தில் பற்றும் இந்தச் சின்ன இன்ஜின் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. அங்கே 1941-இல் வந்த டைனோவும், போருக்குப் பின் 1946-இல் இங்கிலாந்தில் வந்த மில்ஸும்தான் இதைப் பரப்பின. மில்ஸின் முக்கால் சிசி இன்ஜினுக்குக் கொல்கத்தாவிலேயே பிரதி செய்து விற்றார்கள். என் இன்ஜினின் பக்கவாட்டுக் காற்றுவழியும் அந்த மில்ஸ் வழிதான்.

இதன் உயிர்நாடி சிலிண்டர் உச்சியில் உட்கார்ந்திருக்கும் எதிர் பிஸ்டன். தலையில் உள்ள திருகைத் திருப்பினால் அது கீழே இறங்கி, எரியும் இடத்தைச் சுருக்கும். அதுவும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே! 16-க்கு 1 அழுத்தத்தில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடைவெளி 0.85 மி.மீ. எம்4 திருகை ஒரே ஒரு கால் சுற்று இறக்கினால் அழுத்தம் 20-க்கு 1-ஐ நெருங்கிவிடும். கலவை தானாகப் பற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது பெரிய கம்பெனிகளுக்கே சவால். மாஸ்டா 2019-இல் காரில் கொண்டுவந்த ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் இன்ஜின்கூட ஸ்பார்க் பிளக்கின் துணையோடுதான் அதைச் சாதித்தது. இங்கே அந்த வேலையை நம் இரண்டு விரல்கள் செய்கின்றன. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்போது தடுமாறும் சத்தம் ஒரு கட்டத்தில் ஒரே ரீங்காரமாகச் சேரும். அந்த இடத்தைக் காது கண்டுபிடிப்பதுதான் இந்த இன்ஜின் தரும் பெரிய இன்பம்.

கஷ்டம் எல்லாம் பிஸ்டன் ஃபிட்டிங்கில். ரிங் இல்லாததால் மேல் முனையில் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். சிலிண்டரை லேப்பிங் செய்யும்போது மேலே சற்று இறுக்கமாகவும் கீழே வர வர லேசாகவும் டேப்பர் விட வேண்டும். முதல் பிஸ்டனை லேத்திலிருந்து கழற்றிய கையோடு அளந்தேன், அளவு சரியாக இருந்தது. மறுநாள் காலையில் அது சிலிண்டருக்குள் தொளதொளவென்று விழுந்தது. தெருக்கோடியில் ஐம்பது வருடமாகக் கடைசல் வேலை பார்க்கும் பெரியவரிடம் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சூட்டோட அளந்துட்டீங்க தம்பி. கடைஞ்சு வெச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து அளக்கோணுமுங்க" என்றார். 10 மி.மீ. வார்ப்பிரும்பு 30 டிகிரி சூடேறினால் 3 மைக்ரானுக்கு மேல் பருக்கும். நான் தேடிய இடைவெளி முழுவதும் அந்தச் சூட்டிலேயே போயிருக்கிறது. இரண்டாவது பிஸ்டன், லேப்பிங் பேஸ்ட்டை அதிகமாக ஓட்டியதால் வீணானது. இனி செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: வால்வுக்குப் போடும் கரடான பேஸ்ட்டை வார்ப்பிரும்பில் தொடாதீர்கள். துகள் உள்ளே பதிந்துகொண்டு ஓட ஓட அரிக்கும். அலுமினியம் ஆக்சைடு பவுடர், எண்ணெய், பொறுமை போதும்.

எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு. 200 டிகிரிக்குள்ளேயே ஈதர் தானாகப் பற்றிக்கொண்டு மண்ணெண்ணெயையும் பற்றவைக்கிறது. விளக்கெண்ணெய் கடும் சூட்டிலும் உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்தாலே ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொடும். அதனால் நான் கலப்பது விடியற்காலையில், வெட்டவெளியில், ஒரு முறைக்கு 100 மி.லி. மட்டும். அடுப்போ ஸ்விட்ச் போர்டோ பக்கத்தில் இருந்தால் கலக்கவே கூடாது.

முதல் நாள் அரை மணி நேரம் ஃபேனை, அதாவது புரொப்பெல்லரை, விரலால் சுண்டியும் இன்ஜின் பேசவில்லை. காரணம், எரிபொருளை அதிகம் ஊற்றியிருந்தேன். ஃபேன் ஒரு இடத்தில் இறுகி நின்றால் பலத்தைக் காட்டக் கூடாது. திரவம் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். திருகைத் தளர்த்தி, கவிழ்த்து வடித்து, புகைத் துளையில் இரண்டே சொட்டு விட்டுச் சுண்டினேன். ஒரு வெடி. பிறகு நாலைந்து. பிறகு நிற்காத ஓட்டம். 8x4 அங்குல ஃபேனோடு நிமிடத்துக்கு 7,000 சுற்றை ஒட்டி டேக்கோமீட்டர் காட்டியது. ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்த அந்தப் புகை வாசம் சட்டையில் மூன்று நாள் இருந்தது.

பொருள் செலவு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. சுண்டும் விரலுக்குத் தடித்த தோல் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் தனிக் கணக்கு, அவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. லேத்தில் ஒரு மைக்ரானைக் கையால் உணர விரும்பும் யாருக்கும் இதைவிட நல்ல இன்ஜின் இல்லை என்பேன். இன்றே கடைந்து நாளையே ஓட வேண்டும் என்பவர் ரிங் போட்ட பெரிய பெட்ரோல் இன்ஜின் பக்கம் போகலாம்.

ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம், பிறகு முழுதாக ஆறவிடுவது என்று பத்து முறை ஓட்டிவிட்டுப் பிரித்தேன். பிஸ்டனின் மேல் விளிம்பில் மட்டும் கண்ணாடி போல ஒரு பட்டை மின்னியது, அதற்குக் கீழே லேப்பிங் கோடுகள் அப்படியே இருந்தன. டேப்பர் சரியாக விழுந்திருக்கிறது. ராடின் அடித்துளைதான் லேசாக நீள்வட்டமாகியிருக்கிறது. அடுத்த ராடுக்கு வெண்கல புஷ் கடைந்துகொண்டிருக்கிறேன்.