கரையில் கட்டும் படகு

காசிமேட்டில் படகு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படகு ஓட வேண்டிய இடம் கடல். அதைக் கட்டும் இடம் கரை. மைக்ரோ கன்ட்ரோலர் என்னும் சிறு சில்லுக்கு நிரல் தயாரிப்பதும் இப்படித்தான். பலரும் அறிந்த ஏ.டி.மெகா 328-பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், வேலை நினைவகமாக 2 கிலோபைட்டும்தான் உண்டு. நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதற்குள் அடங்காது. ஆகவே பெரிய கணிப்பொறியில் வைத்துச் சிறிய சில்லுக்கான எந்திர மொழியை உருவாக்குகிறோம். இதற்குக் கம்பைலர் மட்டும் போதாது. துண்டுகளை இணைக்கும் லிங்கர், சி நூலகம், பிழை தேடும் கருவி ஆகியவையும் தேவை. இவை ஒன்றுக்கொன்று பொருந்தவும் வேண்டும்.

இந்தக் கருவிப்பெட்டியைப் பெற இரு வழிகள் உண்டு. சில்லைத் தயாரித்தவர்கள் தரும் ஆயத்தத் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். அல்லது டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கலில் உள்ள பொதியை ஒரே கட்டளையில் நிறுவலாம். இரண்டாவதே சிறந்தது என்பது என் கருத்து. அங்கே மூலநிரலும், அதைக் கட்டிய முறையும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறினர். அங்கே ஒரு மாணவி வாயு எச்சரிக்கைக் கருவி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் கழித்து அதைத் திருத்த வேண்டுமானால், நிரல் ஏடு கையில் இருந்தால் மட்டும் போதாது. அன்றைய கருவிப்பெட்டியும் வேண்டும்.

ஆனால் பொதி கட்டுவோரிடமும் குறை உண்டு. 2021-இல் வந்த டெபியன் 11-இல் பொதுவான ஜி.சி.சி. கம்பைலர் 10-ஆம் பதிப்பு, ஏ.வி.ஆர். சில்லுக்கானதோ 5.4-இலேயே நின்றது. ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் பொதியின் பெயரில் 64 என்றிருக்கிறது. அதே பொதி 32 பிட் சில்லுக்கும் நிரல் ஆக்கும். புதியவர் இதை எப்படி அறிவார்? அதற்கான பிக்கோலிப்சி நூலகம் தனிப் பொதி. அதைப் பயன்படுத்தும்படி கம்பைலருக்குத் தனியே சொல்லவும் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. ரிஸ்க்-ஃபைவ் முறையில் சக்தி சில்லை வடிவமைத்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. ஒரே ஊரில் படகும் உண்டு, கரையும் உண்டு. எனினும் சக்திக்கான கருவிகள் தனித் தொகுப்பாகவே வழங்கப்பட்டு வந்துள்ளன. அவை வழங்கலுக்குள், தெளிவான பெயருடனும் தமிழ்க் குறிப்புடனும் இடம்பெற வேண்டாமா?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். கருவி செய்யும்போது கம்பைலர், நூலகம் ஆகியவற்றின் பதிப்பு எண்களை நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் அதைத் திருத்த வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருக்கும்.