சங்கிலியும் சேலைத் தலைப்பும்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இருவர் ஒரு டீக்கடை வாசலில் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சங்கிலியில் வந்து நிற்கும். இஞ்சினில் பிறக்கும் சக்தியைப் பின் சக்கரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பிரதானமாக மூன்று வழிகள் உண்டு. இரும்புச் சங்கிலி ஒன்று. பல் வைத்த ரப்பர் வார் ஒன்று. உருக்குத் தண்டு ஒன்று. பட்டறையில் இவற்றைச் செயின், பெல்ட், ஷாஃப்ட் என்றுதான் சொல்லுகிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம். இந்த மூன்றில் எது உயர்ந்தது என்ற விவாதம், சைவ வைஷ்ணவ விவாதத்தைப் போல, முடிவு காண்பதற்காக நடப்பதல்ல. அவரவர் நெற்றியில் இட்டுக்கொண்டிருப்பது அவரவருக்கு உசத்தி.

கதை எழுதிப் பழகியவனுக்கு ஒரு புத்தி உண்டு. யார் பேசுகிறார்கள் என்பதை விட, பேச இடம் கிடைக்காமல் ஒதுங்கி நிற்பது யார் என்றுதான் அவன் முதலில் தேடுவான். இந்த விவாதத்தில் அப்படித் தேடினால் ஒரு பாத்திரம் முழுக்க விடுபட்டுப் போயிருப்பது தெரியும். ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மூன்றையும் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஓட்டுகிறவர்களின் வாதத்தைக் கேட்போம். செயின் பழைய சரக்கு. 1880-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஹான்ஸ் ரெனால்டு உருளை வைத்த சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்குப் பயன்பட்ட அந்தச் சங்கிலி மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. சுத்தமாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருக்கும் செயின், இஞ்சின் தரும் சக்தியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். எடை குறைவு, விலையும் குறைவு. பல்சக்கரத்தில் இரண்டு பல்லைக் கூட்டிக் குறைத்தால் வண்டியின் சுபாவமே மாறிவிடும். ஆனால் செயின் கவனிப்பை எதிர்பார்க்கிற ஜாதி. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது துடைத்து எண்ணெய் விட வேண்டும். தொய்வு பார்த்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முனகும், பிறகு தேயும், ஒரு நாள் நடுவழியில் அறுந்து போகும்.

பெல்ட்டும் புதுமை அல்ல. ஆதி நாளில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் வண்டிகள் தோல் வாரில்தான் ஓடின. பிறகு செயினுக்குப் போய், 1980-ல் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுக்குத் திரும்பி வந்தன. அதற்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் கிடையாது, காலில் கறை படாது. ஆனால் ஒரு கூழாங்கல் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே புகுந்துவிட்டால் காயப்படுத்திவிடும். செயினில் ஒரு கண்ணியை மாற்றுவது போல் பெல்ட்டில் ஒட்டுப் போட்டு வீடு திரும்ப முடியாது. முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

ஷாஃப்ட் என்பது பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை. 1923-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32-ஐ ஷாஃப்ட் வைத்தே செய்தது. மூடிய வீட்டுக்குள் சுழலும் தண்டு. அதன் முடிவில் நம் லாரிகளில் இருப்பது போலவே கிரவுனும் பினியனும். தூசியும் மழையும் அண்டாது. காலாகாலத்தில் ஆயிலை மாற்றினால் போதும். ஆனால் கனமும் விலையும் அதிகம். சக்தியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டியிருப்பதால் வழியில் நஷ்டமும் கொஞ்சம் அதிகம். கெட்டுப்போனால் பெரம்பலூர்ப் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிப்பதற்குள் சரிசெய்துவிடக் கூடிய விஷயமும் அல்ல.

யந்திரங்களின் குணம் இவ்வளவுதான். சொந்தக்காரர்களின் குணம்தான் ரசமானது. செயின்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியன் துணியும் பல் துலக்கும் பிரஷுமாக வாசலில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகத் துடைப்பார். அதில் அவருக்கு ஜபம் செய்கிற திருப்தி. ஷாஃப்ட்காரர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்வார். அவர் கையில் கறை படுவதில்லை என்பதே அவருடைய பெருமை. பெல்ட்காரர் தம்மை இருவருக்கும் மேலான நாகரிகம் என்று எண்ணிக்கொள்வார். ஆனால் 2023-ல் ஹார்லி-டேவிட்சன் பெயரோடு ஹீரோ கம்பெனி இந்தியாவில் கொண்டுவந்த எக்ஸ் 440 என்ற வண்டியைப் பாருங்கள்: அதில் இருப்பது செயின்! பெல்ட்டைக் குலதெய்வமாகக் கொண்டாடியவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? சித்தாந்தம் என்று நாம் சண்டை போடுவதில் பாதி, கம்பெனிக்காரரின் விலைக் கணக்குத்தான்.

இந்த உலகத்துக்கு ஒரு வேத புத்தகமும் உண்டு. 1974-ல் ராபர்ட் பிர்சிக் எழுதி வெளிவந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ அது. கதை சொல்லுகிறவர் தம் வண்டியைத் தாமே பழுது பார்ப்பவர். கூட வரும் நண்பர் ஜான் வைத்திருப்பது பி.எம்.டபிள்யூ. அதைத் தொட்டுப் பழுது பார்ப்பது என்ற நினைப்பே அவருக்கு ஆகாது. அவருடைய ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் யோசனை சொல்லுகிறார். ஜானுக்கு மனம் புண்படுகிறது. அவ்வளவு விலை உயர்ந்த ஜெர்மன் வண்டிக்குப் பீர் டப்பாத் துண்டா! சொந்தக்காரர்களின் மனசை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த காட்சியை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

வண்டிப் பிரியர்கள் இந்தப் புத்தகத்தைப் புகழும்போது பராமரிப்பே ஒரு தியானம் என்ற பாடத்தைத்தான் எடுத்துக்கொள்ளுகிறார்கள். எனக்கு அதில் பெரியதாகப் படுவது வேறு. கதை சொல்லுகிறவரின் பின்னால் அவருடைய பதினோரு வயது மகன் கிறிஸ் உட்கார்ந்து வருகிறான். அமெரிக்காவில் பாதியைக் கடந்து கடலோரம் வருகிற வரையில் அந்தப் பையனுக்குத் தெரிவது தகப்பனின் முதுகு ஒன்றுதான். கடைசியில் அவன் கால்மிதியில் எழுந்து நின்று, தகப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் சாலையைப் பார்க்கிறான். வால்வின் சின்ன ஓசையைக் கூடக் காதுகொடுத்துக் கேட்ட தகப்பன், பின்னால் இருந்த பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று அதுவரை கேட்கவில்லை! நாவலின் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. நம் வண்டிப் பிரியர்கள் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டார்கள் போலும்.

அந்தப் பக்கத்தை நம் ஊரில் வைத்துப் படிக்க வேண்டுமானால் சிறுவாச்சூருக்குப் போக வேண்டும். பெரம்பலூருக்குத் தெற்கே, சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். அங்கே மதுரகாளியம்மன் கோயிலில், விசேஷ நாட்களை விட்டால், திங்களும் வெள்ளியும்தான் நடை திறந்திருக்கும். அந்த நாட்களில் மாவிளக்குப் போட வருகிற குடும்பங்களின் வாகனம் பெரும்பாலும் இரண்டு சக்கரம்தான். டாங்கின் மேல் மூத்த குழந்தை, பின்னால் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை, கையில் பூஜைக் கூடை. ஞாயிற்றுக்கிழமைகளிலோ அதே சாலையில் தோல் சட்டையும் முழங்கால் கவசமுமாகப் பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். ஒரே சாலையில் இரண்டு உலகம். செயினா, பெல்ட்டா, ஷாஃப்டா என்ற விவாதம் முழுக்க இரண்டாவது உலகத்தின் சொத்து. முதல் உலகத்தை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

கேட்டால் என்ன சொல்லுவாள்? நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் செயின் ஓடுவது இடது பக்கம். சேலை கட்டிய பெண் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும் இடது பக்கம். அவள் கணுக்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பல்சக்கரம் சுழல்கிறது. காற்றில் தலைப்பு பறக்கிறது. ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கிறது, மற்றொன்று கூடையை. தலைப்பை எந்தக் கையால் அடக்குவது? துப்பட்டாவோ சேலையோ சக்கரத்தில் சிக்கி விழுந்தாள் என்ற செய்தியைப் பத்திரிகையின் மூலையில் நாம் படித்துப் பழகிவிட்டோம். 1927-ல் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தில் நடனமணி இசடோரா டங்கன் திறந்த மோட்டாரில் போகும்போது கழுத்துத் துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு உயிர் விட்டாள், உலகமே பேசிற்று. அவளும் ஓட்டியவள் அல்ல, உட்கார்ந்து போனவள்தான்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்றும், துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்றும் சொல்லுகிறது. நாம் சாரி கார்டு என்பது அதைத்தான். ஆனால் புது வண்டி வாங்கின இளைஞர்கள் பலர் முதல் வாரத்திலேயே கழற்றி எறிவதும் அதைத்தான். அழகைக் கெடுக்கிறதாம்! முழுச் செயின் கவர் இருந்தால் அது ‘மாமா வண்டி’யாம். பல்சக்கரம் பளபளவென்று வெளியே தெரிந்தால்தான் ஆண்மையாம். பின்னால் உட்காருகிறவளின் பத்திரத்தைத் தன் ரசனைக்கு இடைஞ்சல் என்று கருதுகிறவனை நான் ரசிகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கெல்லாம் விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1961-ல் மைசூரில் செய்ய ஆரம்பித்த ஜாவா மோட்டார் சைக்கிளில் செயின் முழுக்க ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்தது. தூசி உள்ளே போகாது, துணியும் போகாது. ஐம்பதுகளில் பம்பாயில் பூட்டி விற்ற லாம்பிரெட்டா எல்.டி. ஸ்கூட்டரில் ஷாஃப்டே இருந்தது. கனவான்களின் ஜெர்மன் வண்டியில் மட்டும் உண்டு என்று நினைக்கும் அதே ஷாஃப்ட், குமாஸ்தாக்களின் வாகனத்தில் சத்தமில்லாமல் சேவகம் செய்தது. வெஸ்பா ஜாதி ஸ்கூட்டர்களில் இஞ்சினே பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பல்சக்கரங்கள் வழியாக நேராகச் சுழற்றும். சங்கிலிக்கு வேலையே இல்லை. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் செயினை மூடிக்கொண்டுதான் வந்தது. இவற்றையெல்லாம் ‘குடும்ப வண்டி’ என்று கேலி செய்தோம். குடும்பம் என்ற சொல் எப்போது வசைச் சொல்லாயிற்று?

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடிய செயினின் நிலைமை கண்ணுக்குத் தெரியாது. அதனால் பலர் அதை மறந்தே போகிறார்கள். கவரைக் கழற்றிப் பூட்டப் பட்டறைப் பையனுக்கு வேலை அதிகம். வாஸ்தவம்தான். ஆனால் இந்தப் பிரதேசத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரம்பலூர்க் கரிசல் காட்டு மண்ணும், அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும் எண்ணெய் விட்ட திறந்த செயினில் படிந்தால் அது எண்ணெயாக இருப்பதில்லை. சாணைக்கல்லில் தடவிய விழுதாகிக் கண்ணிகளை அரைத்துத் தின்றுவிடும். ஆகவே கவர் பெண்ணுக்காக மட்டும் அல்ல, சங்கிலிக்கும் நல்லதுதான்.

அப்படியானால் என் தீர்ப்பு என்ன? நம் ஊருக்குச் செயினே தகுந்தது என்பேன், ஆனால் மூடிய செயின். நல்ல செயின்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் செய்யப்படுகின்றன. எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன. எந்தப் பட்டறைப் பையனுக்கும் மாற்றத் தெரியும். அறுந்த இடத்திலேயே சீராவது ஏழைக்கு ஒரு பெரிய குணம். பெல்ட்டும் ஷாஃப்டும் வசதி உள்ளவர்களின் நல்ல வாகனங்களில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த விவாதமே கொஞ்ச காலத்தில் பழங்கதை ஆகிவிடலாம். ஓசூரிலே செய்யும் இரண்டு மின்சார ஸ்கூட்டர்களில் ஏதர் பெல்ட்டில் ஓடுகிறது, டி.வி.எஸ். ஐக்யூபில் மோட்டாரே பின் சக்கரத்துக்குள் இருக்கிறது. செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, ஷாஃப்டும் இல்லை. ஆனாலும் சக்கரம் சுழலும்; சேலைத் தலைப்பும் பறக்கும். யந்திரம் எவ்வளவு மாறினாலும் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பது மாறப் போவதில்லை. வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புறப்படுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை பின் ஆசனத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு கூடையையும் வைத்துக்கொண்டு, சிறுவாச்சூர் வரையில் போய் வர வேண்டும் என்று சிபாரிசு செய்கிறேன்.