ஆடமுடியாத ஆட்டங்கள்

ஒரு நாவல் மோசமானது என்று ஒரு விமரிசகன் இன்று எழுதுகிறான். முப்பது வருஷம் கழித்து வேறொருவன் அதே நாவலை எடுத்துப் படித்துவிட்டு, முன்னவன் சொன்னது சரியல்ல, இது நல்ல நாவல்தான் என்று எழுதலாம். விமரிசனம் என்கிற காரியமே இந்த வசதியை நம்பித்தான் நடக்கிறது. எங்காவது ஒரு மூலையில் ஒரு பிரதி மிஞ்சியிருந்தால் போதும். எந்தத் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது.

நம் இலக்கியமே இதற்குச் சாட்சி. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் படித்தவர்களிலேயே பலர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏடுகள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. ஆனால் கிடந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருக்க அவற்றால் முடிந்தது. ஏட்டைப் பிரிப்பதற்கு அதை எழுதியவரிடமோ எழுதுவித்தவரிடமோ ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

சினிமாவில் நாம் இவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் அல்ல. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படந்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படமும் அப்படித்தான். 'கீசக வதம்' நல்ல படமா, கெட்ட படமா? உலகத்தில் யாராலும் சொல்லமுடியாது. முதல் படம் என்று பாடப் புத்தகத்தில் எழுதலாம். அது விமரிசனம் ஆகாது. அங்கே அழித்தது அலட்சியம், வெப்பம், எளிதில் தீப்பிடிக்கும் பழைய பிலிம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆறுதலும் இல்லாத ஒரு கலை இப்போது வந்திருக்கிறது. இணையத்தில் மட்டும் ஆடக்கூடிய வீடியோ விளையாட்டுகளைச் சொல்கிறேன். இதெல்லாம் கலையா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நாவலைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தார்கள். சினிமாவைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விஷயத்தைப் பார்க்கலாம்.

இந்த விளையாட்டுகளில் பாதிதான் ஆடுகிறவன் கையில் இருக்கும். மற்றப் பாதி, கம்பெனிக்குச் சொந்தமான ஒரு தூரத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் நமக்கு ஹோட்டலில் இட்லி கொண்டுவருகிறவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். உவமை பொருந்தித்தான் இருக்கிறது. நாம் இலை போட்டு உட்கார்ந்திருக்கலாம், உள்ளே அடுப்பும் எரியலாம். அவர் வரவில்லையென்றால் பட்டினிதான்.

ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஜிங்கா என்ற கம்பெனி 2009-இல் பேஸ்புக்கில் வெளியிட்ட 'ஃபார்ம்வில்'. கொஞ்சம் நிலம் தருவார்கள். உழுது, விதைத்து, காத்திருந்து, அறுத்து விற்கவேண்டும். குறித்த நேரத்துக்குள் அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். மண்வெட்டியைத் தொட்டே பார்க்காத கோடிக்கணக்கானவர்கள் இதில் பயிர் செய்தார்கள். கலை என்ற அளவில் இதைப்பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. மனிதனுடைய பொறுமையின்மையைக் காசாக்குவதற்காகச் செய்த தந்திரம் அதில் அதிகம். ஆனால் எங்கள் கரிசல் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு விசித்திரம் தெரியும். அந்த நிலத்தில் மழை பொய்ப்பதில்லை. பருத்தி விலை சரிவதில்லை. பயிர் வாடினால் அது விவசாயியின் சோம்பலால் மட்டுமே வாடுகிறது. விவசாயத்தைப்பற்றி இதைவிடப் பெரிய பொய்யை யாரும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. சாத்தூர், கோவில்பட்டிக் காடுகளில் ஒரு புரட்டாசி மாதம் வானத்தைப் பார்த்து நின்றவர் எவரும் இதை ஒப்புக்கொள்வார்.

நான் சொல்வது சரியா என்று வாசகர் சோதித்துப் பார்க்கவேண்டும், ஆனால் பார்க்கமுடியாது. ஃபிளாஷ் என்ற மென்பொருளை அடோபி கம்பெனி கைவிட்டதை ஒட்டி, 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த விளையாட்டை மூடிவிட்டார்கள். அது பொய் சொல்லவில்லை, வேறு ஏதோ செய்தது என்று என்னை மறுக்க நினைக்கிற விமரிசகனுக்கு ஆதாரம் இல்லை. என் வார்த்தையே கடைசி வார்த்தையாகிவிடுகிறது. இது எந்த விமரிசகனுக்கும் மரியாதையான நிலைமை அல்ல.

அடுத்தது 'பப்ஜி'. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இந்தப் பெயரை அறியாத இளைஞன் இருக்கமாட்டான். நூறு பேர் ஆகாயத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவன், அல்லது மிஞ்சுகிற கோஷ்டி, ஜெயித்ததாகக் கணக்கு. துப்பாக்கியைப் பார்த்துப் பெரியவர்கள் பயந்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது துப்பாக்கி அல்ல, பேச்சு. நாலு பேர் ஒரு கோஷ்டி. ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, "மாப்ள, இடது பக்கம் வர்றான் பாரு" என்று ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் பல பையன்களுக்கு அதுவே தெருமுனை.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் இதுவும் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியாவுக்கான சேவையை நிறுத்தினார்கள். தேசப் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டிய அந்தத் தடையின் நியாயம் வேறு விவகாரம். அதற்குள் நான் போகவில்லை. நான் கவனிப்பது, போன பிறகு என்ன மிஞ்சியது என்பதைத்தான்.

எங்கள் மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். இங்கே பூஜை முடிந்த சேதி, வழியெல்லாம் கட்டிய மண்டபங்களில் நகரா முழங்கி முழங்கி மதுரைக்கு எட்டிய பிறகுதான் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவாராம். நகரா இல்லாத மண்டபம் வெறும் கல். 'பப்ஜி' நின்ற மறுநாள் பையன்கள் கையிலிருந்ததும் அதுதான். செயலி போனில் அப்படியே இருந்தது. திறந்தால் தீவு இல்லை. அதே விளையாட்டு 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பிவந்தது. ஆடுகிறவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இலவசமாக வந்தது இலவசமாகப் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கியதும் இப்படித்தான் போகிறது. யூபிசாஃப்ட் கம்பெனி 2014-இல் விற்ற 'தி க்ரூ' ஒரு கார் ஓட்டும் விளையாட்டு. அமெரிக்காவைச் சுருக்கி வரைந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டவிட்டார்கள். தனியாக ஓட்டுவதற்குக்கூடச் சர்வரின் தயவு வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள்; வாங்கிய தகடு வட்டத் தட்டாகிவிட்டது. இதைக் கண்டு கோபங்கொண்ட ராஸ் ஸ்காட் என்பவர் ஆரம்பித்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025-க்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கலிபோர்னியாவில் அந்த ஆண்டிலிருந்து ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: இப்படிப்பட்ட சரக்கை விற்கும்போது, நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, உபயோகிக்கும் உரிமையை மட்டுமே என்று சொல்லித்தான் விற்கவேண்டும். நேர்மையான அறிவிப்புத்தான். ஆனால் சாவியைத் தரமாட்டேன் என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டால் வீடு திறந்துவிடாது.

நஷ்டத்துக்கு எத்தனை காலம் சர்வர் நடத்துவது என்று கம்பெனிக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. சாகுபடி கட்டாத நிலத்தை யாரும் உழச் சொல்லமுடியாது. தரிசாகப் போடுங்கள், ஆனால் வேறு யாரும் உழக்கூடாதென்று உப்பைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். 2012 நவம்பரில் மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற விளையாட்டை அதன் ரஸிகர்களே பிற்பாடு தங்கள் செலவில் நடத்தினார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான கம்பெனியே அவர்களில் ஒரு குழுவுக்கு அனுமதி வழங்கியது. 2023-இல் 'நாக்அவுட் சிட்டி'யை மூடியவர்கள், வேண்டியவர்கள் தாங்களே சர்வர் வைத்து ஆடிக்கொள்ளும்படி அதற்கான மென்பொருளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மனமிருந்தால் முடிகிற காரியம் இது.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. இது கொஞ்சம் கனமானது. சாவியைக் கொடுத்தாலும் கூட்டம் வருமா? ஆளில்லாத தீவில் ஒருவன் குதித்து என்ன செய்வான்? உண்மைதான். 2020-இல் நாலு ஊரிலிருந்து நாலு பையன்கள் பேசிய அந்த இரவைச் சாவியால் மீட்கமுடியாது. ஆனால் நாடகமும் இதே ஜாதிதான். சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனி நடித்த இரவை நாம் யாரும் பார்த்ததில்லை. அவர் எழுதிய நாடகங்கள் இருப்பதால் வேறு மேடையில், வேறு நடிகர்கள் போடலாம். போட்டுப் பார்த்து, இந்த இடம் தொய்கிறது, இந்த இடம் எழுகிறது என்று சொல்லலாம். மேடை அனுபவம் போய்விடும் என்பதற்காகப் பிரதியையும் கொளுத்திவிடலாம் என்று யாரும் வாதாடியதில்லை.

பழைய கோயில்கள் பலவற்றில் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறியிருப்பதைப் பார்க்கலாம். கீறியவன் பெயர் தெரியாது. அவனுக்குப் பிறகு எத்தனையோ ராஜ்யங்கள் மாறிவிட்டன. இன்று இரண்டு பேர் நாலைந்து கூழாங்கல்லும் கொஞ்சம் புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். ஏனென்றால் அதன் விதி ஆடுகிறவர்களிடம் இருக்கிறது. புதிய விளையாட்டுகளில் விதி விற்றவனிடம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்சாரம் அல்ல, இதுதான்.

'ஃபார்ம்வில்' காப்பாற்றப்படவேண்டிய மகத்தான சிருஷ்டி என்று நான் சொல்லவரவில்லை. என் கணக்கில் அது சாதாரணச் சரக்கு. ஆனால் சாதாரணச் சரக்கு எது, மகத்தானது எது என்று தீர்மானிக்கிற உரிமை கம்பெனியின் வரவு செலவுக் கணக்கருக்குப் போய்விடக்கூடாது. அந்த உரிமை எனக்கும் மட்டும் சொந்தமல்ல. எனக்குப் பிறகு வந்து என்னை மறுக்கப் போகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. அவன் மறுப்பதற்காவது அந்தச் சரக்கு எங்கேயாவது கிடக்கட்டும்.